1969 கேமரோ இசட்/28: எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றும் இந்த வண்டியோடு பிறந்தவையா?

ஒஹாயோவாசி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். அண்மையில் 1969 ஷெவர்லே கேமரோ ஒன்றை வாங்கியிருக்கிறேன். மூலப் பாகங்கள் அனைத்தும் உள்ள அசல் இசட்/28 (பந்தயத்துக்காக உருவான கேமரோ வகை) என்று சொல்லித்தான் விற்றார்கள். வண்டியை முழுமையாகப் பிரித்துச் சீரமைக்கப் போகிறேன். கழற்றிய பாகங்களில் ஏதேனும் ஒரு தடயம் என் கையாலேயே அழிந்துவிடக் கூடாது என்பதால், எதையும் சுத்தம் செய்வதற்கு முன்பே இங்கே கேட்கிறேன்.

இதுவரை படித்து எடுத்த விவரங்கள் இவை. முன்கண்ணாடி வழியாகத் தெரியும் வாகன அடையாள எண் 124379 என்று தொடங்குகிறது, அடுத்து 'என்' என்ற எழுத்து இருக்கிறது. ஃபயர்வாலில் உள்ள உலோகத் தகட்டில் '04சி' என்ற தயாரிப்புக் காலமும் 'எக்ஸ்77' என்ற குறியும் உள்ளன. எஞ்சின் பிளாக்கின் வார்ப்பு எண் 3970010. வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எண் திட்டில் 'வி0402டிஇசட்' என்றும், அதன் அருகில் வண்டியின் அடையாள எண்ணோடு பொருந்தும் எண்களும் பஞ்ச் செய்யப்பட்டுள்ளன. கார்புரேட்டர் ஹோலி, அதன் பட்டியல் எண் 4053, தேதிக் குறி 932. கியர்பாக்ஸ் நான்கு வேக மன்சி. பின் ஆக்ஸிலின் மூடியில் பன்னிரண்டு போல்ட்டுகள் இருக்கின்றன.

எண்கள் எல்லாம் பொருந்துவதால் கேள்வி இதோடு முடிந்தது என்று விற்றவர் சொன்னார். எனினும் எண் திட்டின் மேற்பரப்பு பக்கத்து உலோகத்தைவிட வழவழப்பாக இருப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. எதை எந்த வரிசையில் சோதிக்க வேண்டும்?

வார்ப்பிரும்பு எழுதியது:

சுத்தம் செய்வதற்கு முன்பே கேட்டது நல்ல செயல். பல வண்டிகளின் வரலாறு கம்பித் தூரிகை பொருத்திய கிரைண்டரிலேயே தொலைந்துபோயிருக்கிறது.

முதலில் உங்களிடம் உள்ள எண்கள் எவ்வளவு சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்துக்கொள்வோம். அடையாள எண்ணின் முதல் 1 ஷெவர்லேவைக் குறிக்கிறது, 24 என்பது வி8 எஞ்சின் கொண்ட கேமரோவை, 37 கூப்பே உடலை, 9 மாடல் ஆண்டை, 'என்' ஒஹாயோ மாநிலத்து நார்வுட் ஆலையைக் குறிக்கின்றன. கலிபோர்னியாவின் வான் நைஸ் ஆலையில் உருவானதாக இருந்தால் அங்கே 'எல்' இருந்திருக்கும். எந்த வி8 என்பதை இந்த எண் சொல்லாது. சாதாரண 307 கன அங்குல எஞ்சினைக் கொண்ட கேமரோவும் இசட்/28-உம் இதே 124379-இல்தான் தொடங்குகின்றன. ஆகவே இசட்/28 என்பதற்கு உங்களிடம் இருக்கும் முதல் சான்று அந்த 'எக்ஸ்77' குறிதான். நார்வுட் ஆலை 1969 மாடல் ஆண்டின் நடுவே இந்த 'எக்ஸ்' குறிகளைத் தகட்டில் பதிக்கத் தொடங்கியது. அவற்றில் 33-உம் 77-உம் இசட்/28-க்கு உரியவை. வான் நைஸ் தகடுகளில் இக்குறிகள் இல்லை.

வார்ப்பு எண்ணைப் பற்றி ஒரு சொல். 3970010 என்ற அச்சில் வார்த்த பிளாக்குகள் 1969 இசட்/28-இன் 302 கன அங்குல எஞ்சினில் மட்டுமல்ல, 1970-கள் நெடுகிலும் லட்சக்கணக்கான 350 எஞ்சின்களிலும் சரக்கு வண்டிகளிலும் பயன்பட்டவை. அந்த எண் இல்லாவிட்டால் சந்தேகப்படலாம், இருப்பதால் எதுவும் நிரூபணமாகாது. 302-க்கு 3932386, 3956618 என்ற வார்ப்புகளும் அதே ஆண்டில் பயன்பட்டன என்பதையும் நினைவில் வையுங்கள்.

திட்டில் உள்ள 'வி0402டிஇசட்' என்பதைப் பிரித்தால், 'வி' மிச்சிகனின் ஃபிளின்ட் எஞ்சின் ஆலை, 0402 ஏப்ரல் 2, 'டிஇசட்' 1969 இசட்/28-இன் 302 எஞ்சின். தகட்டின் '04சி' ஏப்ரல் மூன்றாம் வாரத்தைக் குறிக்கிறது. அந்த வாரம் உருவான வண்டிக்கு ஏப்ரல் 2-இல் பூட்டிய எஞ்சின் பொருத்தமாகவே இருக்கிறது. அந்த எஞ்சின் உண்மையாகவே அன்று பூட்டப்பட்டதென்றால், அதன் பிளாக் அதற்குச் சில நாட்களோ சில வாரங்களோ முன்பு வார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே இப்போது உங்களுக்கு வேண்டியது வார்ப்புத் தேதி. எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை இணைக்கும் உறையான பெல் ஹவுசிங் பொருந்தும் விளிம்பின் மேல்புறத்தில், வண்டியின் வலப்பக்கமாக மேடெழுந்த எழுத்தில் அது இருக்கும். கண்ணாடியும் டார்ச்சும் போதும். ஓர் எழுத்து, ஒன்றோ இரண்டோ இலக்கத்தில் நாள், கடைசியில் ஆண்டின் ஒற்றை இலக்கம் என்ற வரிசை. 'ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர், இடையில் எந்த எழுத்தும் விடுபடுவதில்லை.

திட்டின் வழவழப்பைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆலையில் பிளாக்கின் மேல்தளத்தைப் புரோச்சிங் எந்திரத்தால் சீவும்போது, முன்னிருந்து பின்னாக ஓடும் மெல்லிய இணைகோடுகள் அந்தத் திட்டிலும் விழும். எஞ்சின் எண்ணை அதற்குப் பிறகே அடித்தார்கள், ஆகவே எழுத்துகளுக்கு நடுவே கோடுகள் தொடர்ந்து தெரிய வேண்டும். சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள்.

நான்காம்கியர் எழுதியது:

கியர்பாக்ஸைப் பற்றிச் சொல்கிறேன். மன்சி உறையின் வலப்பக்கத்தில் இரண்டு வெவ்வேறு பஞ்ச் எண்களைத் தேடுங்கள். ஒன்று, இண்டியானாவின் மன்சி ஆலையில் அடித்த தயாரிப்புக் குறி. மற்றொன்று, நார்வுட் ஆலையில் வண்டியில் ஏற்றும்போது அடித்த சுருக்க அடையாள எண். அது 19என் என்று தொடங்கி, உங்கள் வண்டியின் கடைசி ஆறு இலக்கங்களோடு முடிய வேண்டும்.

தயாரிப்புக் குறியைப் படிக்கும்போது பலரும் ஓர் இடத்தில் தடுமாறுகிறார்கள். எஞ்சின் வார்ப்பில் மாத எழுத்துகள் ஒழுங்காக 'ஏ' முதல் 'எல்' வரை செல்கின்றன. மன்சி பெட்டியிலோ மே மாதத்து 'ஈ'-க்குப் பிறகு ஜூன் மாதத்துக்கு 'எச்', ஜூலைக்குக் 'கே', ஆகஸ்டுக்கு 'எம்', செப்டம்பருக்குப் 'பி' (P), அக்டோபருக்கு 'ஆர்', நவம்பருக்கு 'எஸ்', டிசம்பருக்கு 'டி' (T) என்று தாவிச் செல்கின்றன. எஞ்சின் முறையைக் கொண்டு கியர்பாக்ஸைப் படித்துவிட்டு, நல்ல மூலப் பெட்டியைப் போலி என்று கழித்துக்கட்டியவர்களும் உண்டு.

1969 முதல் கடைசி எழுத்து கியர் விகிதத்தைச் சொல்கிறது. 'ஏ' என்றால் அகல விகித எம்20, 'பி' (B) என்றால் நெருக்க விகித எம்21, 'சி' என்றால் எம்22. உறையைப் பிரிக்காமலேயே இதைச் சரிபார்க்கலாம். முதல் கியரில் போட்டு, வெளியே வரும் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும் வரை உள்ளே செல்லும் ஷாஃப்டைக் கையால் திருப்புங்கள். சுமார் இரண்டரைச் சுற்று ஆனால் எம்20, இரண்டேகால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக ஆனால் மற்ற இரண்டில் ஒன்று; ஏனெனில் அவற்றின் முதல் கியர் விகிதங்கள் முறையே 2.52, 2.20. உள்ளே செல்லும் ஷாஃப்டின் பற்களருகே இரண்டு வளையக் கோடுகள் இருந்தால் எம்20, ஒன்று இருந்தால் எம்21, கோடே இல்லாவிட்டால் எம்22 என்பது அடுத்த அடையாளம். உறையில் உள்ள எழுத்து ஒன்றும் உள்ளே உள்ள பற்கள் வேறொன்றும் சொன்னால், உறை மூலமாகவும் கியர்கள் மாற்றப்பட்டவையாகவும் இருக்கலாம். பந்தயத்துக்குப் போன வண்டிகளில் அது சாதாரணம்.

கிரவுன்பினியன் எழுதியது:

பின் ஆக்ஸிலில் வண்டியின் அடையாள எண்ணை ஆலையில் அடிக்கவே இல்லை. ஆகவே அது இந்த வண்டியோடு பிறந்தது என்று யாரும் உறுதியாக நிரூபிக்க முடியாது; குறியும் தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று மட்டுமே பார்க்க முடியும். வலப்பக்கக் குழாயின் முன்முகத்தில், நடுக்கூட்டுக்கு அருகில் துருவையும் அழுக்கையும் பெயின்ட் ரிமூவர் தடவி மெல்ல நீக்குங்கள். இரண்டு எழுத்து, நான்கு இலக்கத்தில் மாதமும் நாளும், பின்னர் ஆலையைக் குறிக்கும் எழுத்து என்று வரும். 'பியூ' என்று இருந்தால் 3.73 விகிதமும், ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் அமைப்பான பாசிட்ராக்‌ஷனும் கொண்ட ஆக்ஸில். 3.73 இசட்/28-இன் வழக்கமான விகிதம். பாசிட்ராக்‌ஷன் விரும்பியவர்கள் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கியது.

குழாயின் குறி ஆக்ஸில் பிறந்தபோது என்னவாக இருந்தது என்பதைச் சொல்கிறது, ஆக்ஸிலுக்குள் உள்ள பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் பற்களோ இப்போது என்னவாக இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. மூடியைக் கழற்றி எண்ணுங்கள். கிரவுனில் 41, அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 11 என்றால் 3.73. பினியனில் 10 என்றால் யாரோ 4.10 போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கால் மைல் ஓட்டத்துக்காக இதை மாற்றாத இளைஞர்கள் குறைவு. அதனால் ஆக்ஸில் கூடு மூலமற்றதாகிவிடாது.

பான்டியாக்பிரியர் எழுதியது:

ஆவணங்கள் உண்டா என்று யாரும் கேட்கவில்லையே? பான்டியாக் வண்டிகளுக்கு ஆலைப் பட்டியல்களின் நகல் கிடைக்கிறது, ஃபோர்டில் 1967 முதலான வண்டிகளுக்கு மார்ட்டி அறிக்கை என்ற தயாரிப்பு விவர அறிக்கை கிடைக்கிறது. என் பான்டியாக் ஜிடிஓவின் எஞ்சின் வகையை அப்படித்தான் ஒரு கடிதத்தில் தீர்த்துக்கொண்டேன்.

வார்ப்பிரும்பு எழுதியது:

ஷெவர்லேவுக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்காவில் விற்ற தனித்தனிக் கேமரோக்களின் எஞ்சின் விவரத்தை நிறுவனம் பாதுகாத்து வைக்கவில்லை. கனடாவில் புதிதாக விற்ற வண்டிகளுக்கு மட்டும் கனடா ஜெனரல் மோட்டார்ஸின் பதிவுகள் உண்டு. உத்தரவாதப் புத்தகத்தோடு வந்த புரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற சிறு உலோகத் தகடு கிடைத்தால், அதில் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் குறிகள் மூன்றும் இருக்கும். பெட்ரோல் டேங்கின் மேலும் இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலும் ஆலையின் தயாரிப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருந்த வண்டிகள் உண்டு. டேங்கை இறக்கும்போது கவனமாகப் பாருங்கள். இவை இரண்டும் இல்லாத ஷெவர்லேயில் இரும்புதான் ஆவணம். அதனால்தான் அதில் பொய் எழுதுவதை நான் இவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒஹாயோவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சொன்ன வரிசையில் பார்த்தேன்.

கியர்பாக்ஸில் தயாரிப்புக் குறி 'பி9சி14ஏ' (P9C14A). அதாவது மன்சி ஆலை, 1969 மார்ச் 14, எம்20. ஷாஃப்டைத் திருப்பிப் பார்த்தபோதும் இரண்டரைச் சுற்றுதான் வந்தது. அதன் அருகில் 19என் என்று தொடங்கும் எண், என் வண்டியின் கடைசி ஆறு இலக்கங்களோடு அப்படியே பொருந்துகிறது. எழுத்துகள் சற்றுச் சாய்ந்தும் ஆழம் வேறுபட்டும் இருந்தாலும் அவற்றைச் சுற்றியுள்ள அலுமினியத்தில் எந்தக் கீறலும் இல்லை.

ஆக்ஸில் குழாயில் 'பியூ 0403 ஜி'. கிரவுனில் 41 பற்கள், பினியனில் 11.

வால்வ் கவர்களைக் கழற்றினேன். ஹெட்டுகள் இரண்டிலும் வார்ப்பு எண் 3927186, தேதி 'சி 19 9'. அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டின் எண் 3932472.

இப்போது பிளாக். பின்விளிம்பில் உள்ள வார்ப்புத் தேதி மிகத் தெளிவாக 'ஜே 17 9' என்று இருக்கிறது. பலமுறை பார்த்தும் 'ஜே' வேறெந்த எழுத்தாகவும் தெரியவில்லை. திட்டில் நீளவாக்குக் கோடுகள் இல்லை. குறுக்காகவும் வளைவாகவும் ஓடும் உப்புத்தாள் தடங்கள் மட்டுமே தெரிகின்றன.

வார்ப்பிரும்பு எழுதியது:

அப்படியானால் அக்டோபர் 17-இல் வார்த்த பிளாக்கில் அதே ஆண்டு ஏப்ரல் 2-இல் எஞ்சின் பூட்டியதாக எண் அடித்திருக்கிறது. இது நடக்க முடியாதது. திட்டில் உள்ள எண்ணை ஆலை அடிக்கவில்லை.

மேல்தளம் சீவப்பட்டதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். எஞ்சினை மறுபடி கட்டும்போது ஹெட் கேஸ்கெட் சரியாக அமர்வதற்காகத் தளத்தைச் சீவுவது நியாயமான வேலை, அதில் பழைய எண் அழிந்துபோவதும் இயல்பு. ஆனால் அழிந்த இடத்தில் புதிதாக ஓர் எண்ணை அடிப்பது வேறு. உங்களுடையதில் பழைய எண் அழிந்ததோடு நிற்கவில்லை. கியர்பாக்ஸையும் ஹெட்டுகளையும் பார்த்து, நம்பத்தக்க ஒரு தேதியை யோசித்து அடித்திருக்கிறார்கள். பின்பக்கத்து வார்ப்புத் தேதியை மட்டும் மறந்துவிட்டார்கள், அல்லது யாரும் கண்ணாடி வைத்துப் பார்க்கமாட்டார்கள் என்று நம்பியிருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், அந்த 9 எந்தப் பத்தாண்டின் 9 என்பது. 3970010 வார்ப்பு 1979-இலும் இருந்தது, ஆண்டுக்கு ஒற்றை இலக்கம்தான் என்பதால் 1969 அக்டோபர் 17-உம் 1979 அக்டோபர் 17-உம் இரும்பில் ஒரே மாதிரியாகவே தெரியும். இதைத் தீர்க்க ஒரே வழி, எண்ணெய் ஃபில்டருக்கு மேலே உள்ள சீவப்படாத கரடுமுரடான பரப்பைப் பார்ப்பது. அந்தக் காலத்து ஷெவர்லே வி8 எஞ்சின்கள் பலவற்றில் சுருக்க அடையாள எண்ணை அங்கே அடித்தார்கள், 1969 கேமரோக்கள் சிலவற்றில் திட்டிலும் அங்கும் இரண்டு இடத்திலும் அடித்திருக்கிறது. தளத்தைச் சீவும் எந்திரம் அந்த இடத்தைத் தொடாது. பெயின்ட் ரிமூவர், மென்மையான பித்தளைத் தூரிகை, பிறகு வெள்ளைச் சாக்குப்பொடி, வேறெதுவும் வேண்டாம்.

நான்காம்கியர் எழுதியது:

ஒரு சிறு மறுப்பு. 1970 கேமரோ தாமதமானதால் 1969 மாடலை நவம்பர் வரை உருவாக்கினார்கள். ஆகவே அக்டோபர் பிளாக் கடைசிக்கால 1969 இசட்/28 ஒன்றின் உண்மையான 302 ஆகவும் இருக்கலாம். ஏப்ரல் எண் போலி என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் உள்ளே இருப்பது 302 அல்ல என்று அதனால் முடிவுகட்டிவிட முடியாது.

வார்ப்பிரும்பு எழுதியது:

நியாயமான மறுப்பு, ஏற்கிறேன். 302-இன் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் பயணிக்கும் தொலைவு) 3 அங்குலம். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக 327-இன் விட்டத்தையும் 283-இன் ஸ்ட்ரோக்கையும் சேர்த்து 1967-இல் உருவாக்கிய அளவு அது. 350-க்கும் விட்டம் அதே 4 அங்குலம்தான், ஸ்ட்ரோக் மட்டும் 3.48. ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தொலைவை அளந்தால் தெரிந்துவிடும்: 76.2 மில்லிமீட்டர் என்றால் 302, 88.4 என்றால் 350. எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினால் கிராங்க்ஷாஃப்டையே படிக்கலாம். 302-க்கு உரியது 1178 என்ற எண் கொண்ட அடித்துருவாக்கிய எஃகு. அதில் அச்சு சேர்ந்த தடம் விரல் அகலத்தில் பட்டையாகத் தெரியும். வார்த்த கிராங்கில் அது மெல்லிய கோடாக இருக்கும். நடு மூன்று பேரிங் மூடிகளில் நான்கு போல்ட் இருப்பதை மட்டும் வைத்து மகிழ வேண்டாம், 350-களிலும் நான்கு போல்ட் உண்டு.

ஒஹாயோவாசி எழுதியது:

ஃபில்டருக்கு மேலே எண் இருக்கிறது. தடித்த நீலப் பெயின்டுக்கு அடியில் 10பி என்று தொடங்கும் எண் வெளிவந்தது. அதன் கடைசி ஆறு இலக்கங்கள் என் வண்டியுடையவை அல்ல. பிஸ்டனின் பயணம் 88 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கிராங்கில் தெரிவது மெல்லிய கோடு.

வார்ப்பிரும்பு எழுதியது:

படம் முழுவதும் தெளிந்துவிட்டது. 1 என்றால் ஷெவர்லே, 0 என்றால் 1970 மாடல் ஆண்டு, 'பி' (B) என்றால் மேரிலாந்தின் பால்டிமோர் ஆலை. அங்கே ஷெவெல் என்ற ஷெவர்லே கார்கள் உருவாயின. ஆகவே வார்ப்புத் தேதியின் அந்த 9 குறிப்பது 1969-ஐத்தான். உங்கள் பிளாக் 1969 அக்டோபரில் வார்க்கப்பட்டு, 350 எஞ்சினாகி, 1970 மாடல் வண்டி ஒன்றில், பெரும்பாலும் ஒரு ஷெவெலில் ஏறியது. அப்போதே எண் திட்டில் மூன்றெழுத்துக் குறி இருந்திருக்கும். 1970 முதல் மூன்றெழுத்துதான். அதைச் சீவிவிட்டு ஈரெழுத்து 'டிஇசட்'டை அடித்திருக்கிறார்கள்.

ஆனால் சோர்ந்துபோகாதீர்கள், இந்த வண்டியில் இருந்தது உண்மையில் என்ன என்பதையும் இதே இரும்பு சொல்கிறது. கியர்பாக்ஸ் இந்த வண்டியோடு பிறந்தது. ஆக்ஸில் குறியும் தேதியும் ஏப்ரல் மூன்றாம் வாரத்து இசட்/28-க்குத் துல்லியமாகப் பொருந்துகின்றன. 186 ஹெட்டுகள் மார்ச் 19-இல் வார்க்கப்பட்டவை, 472 மேனிஃபோல்ட் 302-க்கு உரியது, 4053 ஹோலி மார்ச் இரண்டாம் வாரத்தது. 932 என்பதில் முதல் இலக்கம் ஆண்டு, இரண்டாவது மாதம், மூன்றாவது வாரம். ஷெவெலிலிருந்து வந்த ஒரு 350-க்கு இவை அத்தனையும் தற்செயலாகச் சேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. என் கணிப்பு இதுதான்: மூல 302-இன் கீழ்ப்பாதி எப்போதோ உடைந்திருக்கிறது. பழைய உரிமையாளர் ஒருவர், அதன் மேல்பாகங்களை எல்லாம் எடுத்துக் கிடைத்த ஒரு 350 பிளாக்கில் மாட்டி ஓட்டியிருக்கிறார். அவர் செய்தது நேர்மையான வேலை. போலி எண் அதற்குப் பின் வந்த வேறொருவரின் வேலையாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் இன்னும் பார்க்க வேண்டும். தகடுகளையும் போலியாகச் செய்து விற்கிறார்கள் என்பதால், உடலில் உள்ள மறைவான எண்களைப் படியுங்கள். ஹீட்டர் பெட்டியைக் கழற்றினால் அதன் பின்னே ஃபயர்வாலில் ஒன்றும், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் தகட்டைக் கழற்றினால் அதன் அடியில் இன்னொன்றும் இருக்கும். அவை கியர்பாக்ஸோடு பொருந்தினால் இந்த உடலும் அந்தப் பெட்டியும் ஒரே வண்டி என்பது உறுதி.

நீலக்கூப்பே எழுதியது:

கடைசியில் ஒரு யோசனை சொல்கிறேன். மார்ச் மாதத்தில் வார்த்த நல்ல 010 பிளாக் ஒன்றைத் தேடி, தளத்தைச் சீவி, கோடுகளையும் சரியாகப் போட்டு, சரியான எழுத்துருவில் மூல எண்ணை அடிக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். இழந்த எஞ்சினை மீட்டுருவாக்கம் செய்வதில் என்ன தவறு? உடைந்த உதிரியை மறுபடி செய்வதுபோல்தானே அதுவும்? வண்டி ஆலையிலிருந்து வந்தபடியே நிற்கும்.

கிரவுன்பினியன் எழுதியது:

நான் இதை முற்றாக மறுக்கிறேன். புதிய ரேடியேட்டர் தன்னைப் புதியது என்று மறைப்பதில்லை. அந்த எண்ணோ 'நான் ஏப்ரல் 2-இல் ஃபிளின்டில் இருந்தேன்' என்று சாட்சி சொல்கிறது. நீங்கள் உண்மையை எல்லோரிடமும் சொல்லலாம். உங்களிடமிருந்து வாங்குபவர் சொல்லலாம். அவருக்குப் பின் வருபவர் சொல்லமாட்டார், அப்போது பணத்தை இழப்பவர் உங்களை அறியாத ஒருவர். இந்த இழையைத் தொடங்கியவருக்கு நடந்ததும் இதுதான். தவிர, வாகன அடையாள எண்களைத் தெரிந்தே அழிப்பதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்திலேயே குற்றம், மாநிலச் சட்டங்கள் தனி. எந்த எண்ணையும் தொடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்பதே முறை.

நீலக்கூப்பே எழுதியது:

ஏமாற்றுவதற்காக நான் சொல்லவில்லை என்பதை நம்புங்கள். இருந்தாலும் மூன்றாம் கைக்குப் போகும்போது என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

வார்ப்பிரும்பு எழுதியது:

தேதி பொருந்தும் பிளாக்கைத் தேடுவதில் எனக்கும் உடன்பாடு உண்டு. எண்ணை அடிப்பதில் மட்டுமே இல்லை. 1969-இல் மட்டும் 20,302 இசட்/28-கள் உருவாயின. எஞ்சியிருக்கும் 302 பிளாக்குகள் பல தங்கள் வண்டியை இழந்து கிடங்குகளில் இருக்கின்றன. திட்டில் உண்மையான 'டிஇசட்'டும் புரோச்சிங் கோடுகளும் உள்ள, வேறு வண்டியின் எண் கொண்ட ஒரு பிளாக் கிடைத்தால், அந்த எண்ணை அப்படியே விட்டு மாட்டுங்கள். வார்ப்புத் தேதி மார்ச்சிலோ பிப்ரவரிக் கடைசியிலோ இருந்தால் உங்கள் ஹெட்டுகளுக்கு அழகாகப் பொருந்தும். வாங்குவதற்கு முன் சிலிண்டர் சுவரின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளக்கச் சொல்லுங்கள், பந்தயத்தில் பலமுறை துளை பெரிதாக்கிய பிளாக்குகள் நிறைய.

ஒஹாயோவாசி எழுதியது:

ஹீட்டர் பெட்டியையும் காற்றுத் தகட்டையும் கழற்றிவிட்டேன். இரண்டு மறைவான எண்களும் கியர்பாக்ஸோடும் முன்கண்ணாடித் தகட்டோடும் பொருந்துகின்றன. வாங்கும்போது சொன்னதற்கும் கண்டதற்கும் உள்ள வேறுபாட்டைப் படங்களோடு விற்றவருக்கு எழுத்தில் அனுப்பியிருக்கிறேன்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 10பி பிளாக்கில் எதையும் சுரண்டப் போவதில்லை. அது திருட்டு வண்டியின் எண்ணா என்று முதலில் காவல்துறை மூலம் சரிபார்ப்பேன். பிரச்சினை இல்லையென்றால், 1970 ஷெவெல் வைத்திருப்பவர்கள் கூடும் இடங்களில் எண்ணின் ஒரு பகுதியை மட்டும் வெளியிடுவேன். முழு எண்ணைத் தன் ஆவணத்தோடு காட்டுபவருக்கு அதைக் கொடுக்க விரும்புகிறேன். அதுவரை ஹெட்டுகளும் மேனிஃபோல்டும் தனியே எண்ணெய் பூசி உறையில் இருக்கும்.

இப்போது கியர்பாக்ஸை எடுத்துக்கொள்கிறேன். முன் பேரிங் சத்தம் போடுகிறது, உறையின் அலுமினியம் கறுத்திருக்கிறது. மணல் ஊதிச் சுத்தம் செய்யலாமா?

நான்காம்கியர் எழுதியது:

மணலோ கண்ணாடி மணியோ ஊத வேண்டாம். பஞ்ச் எழுத்தின் கூர்விளிம்பு மழுங்கிவிடும், பேரிங் அமரும் துளையில் துகள் தங்கிவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நைலான் தூரிகையால் தேய்த்து, வெந்நீரில் அலசுங்கள். அதற்கு முன் இரண்டு எண்களையும், உறையிலும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் எஞ்சியிருக்கும் பெயின்ட் புள்ளிகளையும் பட்டைகளையும், அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயின்ட் தடங்கள் ஆலையில் பாகங்களைப் பிரித்தறிவதற்காக இட்டவை, ஒருமுறை கழுவினால் போய்விடும். பக்கமூடியைத் திறந்ததும் கவுன்ட்டர் ஷாஃப்டின் முன்துளை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மன்சி உறைகளில் முதலில் தேய்வது அந்த இடம்தான். தளர்ந்திருந்தால் உறையை மாற்றாதீர்கள். புஷ் போட்டுச் சரிசெய்ய முடியும், உங்கள் வண்டியின் எண் அந்த உறையில்தான் இருக்கிறது.